உண்டியலில் மாட்டிக்கொண்ட கால்

ஆவூர்,
ஏப்ரல் 27, திங்கட்கிழமை.

என் அன்பு மகள் அமலிக்கு, நம் பெரியநாயகி மாதா நீ டிரெய்னிங்குக்குப் போயிருக்கிற அந்தப் பனி நாட்டிலும் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாளாக என்று வேண்டிக்கொண்டு உன் அம்மா ஆரோக்கியம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் செபஸ்தி, மதினி அன்புச்செல்வி, குட்டி ஜெனிஷா, நாலு ஆடு, எல்லோரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது நன்றாக இருந்த நாளில் நான் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அந்த வன்மத்தை இப்போது காட்டுகிறது, யாரிடம் கற்றுக்கொண்டதோ தெரியவில்லை. உன் சுகத்தை நீ எழுதினால்தான் நான் அறிய முடியும். போனில் நீ சரிம்மா, சாப்ட்டேம்மா, டிரெய்னிங்குக்கு நேரமாச்சும்மா என்று மூன்றே வார்த்தையில் வைத்துவிடுகிறாய், நானும் மூன்றாவது வார்த்தை வருவதற்குள் சண்டையைத் தொடங்கிவிடுகிறேன், அதனால்தான் காகிதம். காகிதம் என்றால் அடித்துவிட்டு எழுதலாம், வாயை அடித்துவிட்டுப் பேச முடியாது. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் என்பது உனக்குத் தெரியும், எழுத்தில் தப்பு இருந்தால் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரைத் திட்டிக்கொள், மழை நாளில் லேட்டாக வந்தேன் என்று என்னை முட்டி போட வைத்தவர், அன்றைக்கு அவர் பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை கட்டியிருந்தார், ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கண்மாயில் எருமை படுக்கிற அளவுக்குத்தான் தண்ணீர், உன் அண்ணனுடைய மெக்கானிக் கடைக்கு மட்டும் இந்த வெயிலில் டியூப் வெடித்து வெடித்து நல்ல வேலை. ஜெனிஷாவுக்கு ஜூன் கடைசி ஞாயிறு கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. அவளுக்கு ஞானத்தாய் நீ, நீ வந்து பக்கத்தில் இருந்தால்தான் நன்மை வாங்குவேன், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் பங்குச்சாமியிடமே சொல்லிவிட்டாள். பிடிவாதம் யாருடையது என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நீயோ ஜூன் மாதப் போட்டி முடிந்ததும் நேரே பெங்களூருக்குப் போகிறேன், அண்ணன் இருக்கிற அந்த வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்கிறாய். நீயும் அவனும் பேசி இன்றோடு ஆறு மாதம் பதினெட்டு நாள். அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம், ஆனால் நேரே அதற்குப் போக எனக்குத் தைரியம் இல்லை, சுற்றிக்கொண்டுதான் வருவேன், நீ பொறுமையாகப் படி. எண்ணூறு மீட்டரில் நீ ரெண்டு சுற்றுச் சுற்றி வருவதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்.

உனக்குத் தீங்கு செய்தவர்கள் பட்டியல் ஒன்று என் நெஞ்சுக்குள் இருக்கிறது, செபமாலை மணி மாதிரி தினம் ஒருதரம் உருட்டிவிடுவேன். முதல் மணி, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்ற அந்த ஹெட்மாஸ்டர். பெயரை எழுதினால் காகிதம் தீட்டுப்படும். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் கால் ரெண்டும் துவண்ட பிள்ளையை, அஞ்சு வயதில் உன் அண்ணன் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நின்றான், அவனுக்கே அப்போது பதிமூன்று வயதுதான். "எங்க ஸ்கூல்ல மூணு படி இருக்கும்மா, இந்தப் புள்ள எப்படி ஏறும்" என்றார் அவர். நான் மூன்று தலைமுறையை இழுத்து வைதுகொண்டிருந்தேன், அதற்குள் செபஸ்தி உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று படியையும் ஏறி ஒன்றாம் கிளாஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்து, "ஏறிருச்சு சார்" என்றான். நான் வைததினால் ஒன்றும் நடக்கவில்லை, அவன் ஏறியதினால்தான் நடந்தது. ஆனாலும் இத்தனை வருஷமாக அந்தக் கதையை ஊரில் சொல்லும்போது நான் வைததைத்தான் விஸ்தாரமாகச் சொல்லி வருகிறேன்.

இரண்டாவது மணி, கலெக்டர் ஆபீஸ் முகாமில் உனக்குக் கையால் மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தபோது, அதைப் பார்த்து "இதுல ஒக்காந்து பொட்டிக்கடை வைக்கலாம்" என்று சொன்ன உன் அத்தை. அந்த சைக்கிளில் நீ இலுப்பூர் ரோட்டுச் சரிவில் இறங்கி ஒரு டவுன் பஸ்ஸை முந்தினாய் என்று சேதி வந்தபோது நான் விளக்குமாற்றோடு உன்னை அடிக்க வந்தேன், அடித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன், நீ பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன், பார்த்தேன் என்று போன வருஷம் நீதான் சொன்னாய். மூன்றாவது மணி, சென்னையில் உன் முதல் ஸ்டேட் போட்டியில் கொடியைத் தூக்கி உன்னை வெளியே அனுப்பின அந்த வழுக்கைத்தலை ஆபீசர். நானூறு மீட்டரில் நீதான் முன்னால் வந்தாய், என் பிள்ளையின் கால் கோளாறைப் பார்த்து ஒதுக்கிவிட்டான் என்று அவர் குடும்பத்துக்கே ஒரு வருஷம் சாபம் விட்டேன், நோன்பு இருந்து விட்டேன். அப்புறம் நீ ஒருநாள் சாவகாசமாகச் சொல்கிறாய், நான் பக்கத்து லேனுக்குள்ள போய்ட்டேம்மா, அவரு செஞ்சது சரிதான் என்று. விட்ட சாபத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், ஆனால் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை, பழகிவிட்டது.

உன் கோச் வெற்றிசெல்வன் சார் மட்டும்தான் நான் ஒரு வருஷத்துக்குமேல் பார்த்துப் பழகியும் பட்டியலில் ஏறாத ஆள். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி வீல்சேரை வைத்துக்கொண்டு நீ ஓட்டின ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் வீடு தேடி வந்தார், வந்தவருக்கு நான் பழைய சோறு போட்டேன், சாப்பிட்டார். நிஜமான ரேஸ் வண்டி வேண்டும் என்றார். உன் அண்ணன் அவனுடைய பைக்கை விற்றான், வண்டி வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு நான் கொண்டு வந்தவனோடு சண்டைக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. "நாலு சக்கரத்துக்குப் பணம் கட்டுனா மூணு சக்கரந்தான் வந்திருக்கு, ஒண்ண எங்கடா வித்த" என்று கேட்டேன். அவன் பாவம் அட்டைப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். பின்னால் ரெண்டு, முன்னால் நீட்டிக்கொண்டு ஒன்று, ரேஸ் வண்டி என்றால் அவ்வளவுதான் என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதில் நீ காலை மடக்கி மண்டிபோட்டுக் குனிந்து உட்கார்ந்து, சக்கரத்து ஓர வளையத்தைக் குத்துவிடுகிற மாதிரி அடித்துத் தள்ளினதைப் பார்த்தபோது, கோயிலில் குனிந்து செபம் பண்ணுகிறவர்கள்கூட இவ்வளவு குனிய மாட்டார்கள் என்று தோன்றியது. கையுறை வாங்க வழி இல்லாத நாளில் சைக்கிள் டியூபை வெட்டி உன் விரலுக்குச் சுற்றி ஒட்டியது நான்தான், அதை மட்டும் மறந்துவிடாதே, எனக்குச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. உன் முதல் நேஷனல் போட்டியை ஜெனிஷாவின் போனில் பார்த்தபோது ஹெல்மெட்டில் அடையாளம் தெரியாமல் ரெண்டு சுற்றும் ஒரு கேரளாப் பிள்ளைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும் நான்தான். அவள் நாலாவதாக வந்தாள், என்னால்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். நீ ரெண்டாவதாக வந்ததை மதினிதான் சொன்னாள்.

இனிமேல் சுற்ற இடமில்லை, சொல்லிவிடுகிறேன். உனக்கு ரெண்டு வயதில் நான் மாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தேன் அல்லவா, பிள்ளை எழுந்து நடந்தால் வெள்ளியில் கால் செய்து வைக்கிறேன் என்று. நடந்தபிறகு ஒருநாள்கூடத் தாமதம் ஆகக்கூடாது என்று காலை முன்னாலேயே செய்து வைத்துவிட்டேன். புதுக்கோட்டை ஆசாரி, "எல்லாரும் தகட்டுலதான் அடிப்பாக ஆத்தா, அடிச்சிரவா" என்று கேட்டதற்கு, "தகடா குடுத்தா தகடாட்டம் காலுதான் கெடைக்கும், கெட்டியா வாத்துக் குடு" என்றேன். கொலுசு போட்டு, பத்து விரலும் நகத்தோடு, கொழுகொழு என்று ரெண்டு கால். கையளவுதான் இருக்கும், ஆனால் சதை வைத்த கால். இருபத்தாறு வருஷம் அது என் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தது. நீ நடந்தால்தான் தருவேன், நடக்காவிட்டால் தரமாட்டேன் என்று மாதாவிடமே வீம்பு. ஊரில் உள்ளவர்களோடு பகை வைத்துப் பகை வைத்து ஆள் போதாமல் கடைசியில் அவளோடும் வைத்துக்கொண்டேன்.

போன அக்டோபரில் துபாயில் எண்ணூறு மீட்டரில் நீ வெண்கலம் வாங்கினாய். ஊரே வரவேற்பு என்று கிளம்பியது. பஸ் ஸ்டாப்பில் பெரிய பிளெக்ஸ் வைக்க உன் அண்ணன் இலுப்பூரில் ஷாநவாஸ் கடையில் ஆர்டர் கொடுத்தான், நீ வண்டியில் உட்கார்ந்து கையுறையோடு மெடலைக் கடிக்கிற போட்டோவைக் கொடுத்தான். இது வரை உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல். மறுநாள் உன் அண்ணன் கடைக்குப் போனதும் நான் பஸ் ஏறி இலுப்பூர் போனேன். ஷாநவாஸ், "போட்டோ நல்லாத்தானே ஆத்தா இருக்கு, வண்டியோட கெத்தா இருக்காகளே" என்றான். "கெத்தெல்லாம் இருக்கட்டும், நிக்கிற மாதிரி போடு" என்றேன். "நிக்கிற போட்டோ வச்சிருக்கீங்களா" என்றான். "இருந்தா நான் ஏன் ஒங்கிட்ட வாறேன்" என்றேன். அவன் ரெண்டுதரம் செபஸ்தி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று போனை எடுத்தான், நான் ரெண்டுதரமும் போனைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். அப்புறம் கம்ப்யூட்டரில் உடம்பு உடம்பாகத் தள்ளிக் காட்டினான், டாக்டர் உடம்பு, போலீஸ் உடம்பு, கட்சிக்காரி உடம்பு. எதிலும் உன் கழுத்து ஒட்டவில்லை. கடைசியில் சிவப்புப் பட்டில் ஒரு கல்யாணப்பெண், கால் விரலில் மருதாணியோடு நிமிர்ந்து நின்றாள். அதில்தான் ஒட்டியது. மெடலையும் அவள் கழுத்திலேயே மாட்டச் சொன்னேன். அதைக் கோயில் வாசலைப் பார்த்துக் கட்டச் சொன்னதும் நான்தான், தினம் காலையில் கதவு திறந்ததும் மாதா அதைப் பார்க்கட்டும், பார்த்து வெட்கப்பட்டாவது ஏதாவது செய்யட்டும் என்று. எனக்கு அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது, பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

திருச்சி ஏர்போர்ட்டில் இருந்து உன்னை வேனில் கூட்டிக்கொண்டு வந்தது உன் அண்ணனும் கோச் சாரும். அண்ணனும் அந்தப் பிளெக்ஸை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான், அது சத்தியம். பேண்டு செட் அடிக்கிறது, பிள்ளைகள் பூவோடு நிற்கிறார்கள், நீ வேனை விட்டு இறங்கவில்லை. உன் முகத்தை வேறு ஒரு பொண்ணின் உடம்பில் பார்த்துக்கொண்டே இருந்தாய். பேண்டுக்காரன் என்ன நினைத்தானோ, நிறுத்திவிட்டான். "இது யாரு செஞ்சது" என்று மெதுவாகத்தான் கேட்டாய். அண்ணன் பிளெக்ஸைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நான் கையில் ரோஜா மாலையோடு தரையில் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் உன் பக்கம் திரும்பி, "நாந்தாம்மா சொன்னேன், நல்லா இருக்கும்னு" என்றான். அதற்கு நீ சொன்னதை நான் ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "மொதமொதல்ல என்னயத் தூக்கிட்டுப் படி ஏறுனது நீதாண்ணே. ஒனக்கே நான் ஒக்காந்திருக்கது அசிங்கமாப் போச்சா." அவ்வளவுதான், வேனைத் திருப்பச் சொன்னாய். அன்றைக்கு ஆக்கின இருநூறு பேர் பிரியாணியை ஊர் தின்றது, நீ ஒரு வாய் தின்னவில்லை, உன் அண்ணனும் தின்னவில்லை. நான் தின்றேன் அமலி, ரெண்டுதரம் வாங்கித் தின்றேன், அழுகை வராமல் இருக்க வாயில் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க நின்றது, முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைச் சொல்லியே பெயர் வாங்கினவள் என் தப்பைச் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. நாளைக்குச் சொல்வோம் என்று படுத்தேன், அந்த நாளை ஆறு மாதமாக வரவில்லை. உன் அண்ணன் வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை பாவி. பிளெக்ஸைப் பிரித்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டான், படம் கீழே இருக்கும்படி போட்டான், தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று. அதனால் ஆட்டுக்குத் தழை வைக்கக் குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு தரமும் நீ என் தலைக்குமேல் கல்யாணச் சேலையில் நிற்கிறாய், நான் செய்த அதிசயத்தை இப்போது நாலு ஆடும் நானும்தான் பார்க்கிறோம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கம்போலத் தொடங்கினேன், உன் அத்தை, அந்த ஹெட்மாஸ்டர், பால்காரன் தண்ணீர் ஊற்றுவது, மதினி என்னைக் கேட்காமல் அம்மியை இடம் மாற்றியது. பங்குச்சாமி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஆரோக்கியம்மா, ஊர்ப் பாவமெல்லாம் வந்துருச்சு, பின்னால வரிசையில நிக்கிறவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, ஒங்களுது ஏதாவது இருக்கா" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் எழவிடவில்லை. மண்டிபோட்டது போட்டபடி மாட்டிக்கொண்டேன், வேறு வழி இல்லாமல் பிளெக்ஸைச் சொன்னேன். அவர் கொடுத்த அபராதம் என்ன தெரியுமா, செபமாலை இல்லை, ஒருசந்தி நோன்பு இல்லை, மகளுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்க என்றார். "சாமி, நான் பத்து நாளைக்கு அம்பத்துமூணு மணியும் முழங்கால்ல நின்னு சொல்லிர்றேன், இது மட்டும் வேணாம்" என்று பேரம் பேசினேன். "ஒங்களால முழங்கால்ல நிக்கவும் முடியல, எந்திரிக்கவும் முடியல, எழுதத்தான் முடியும்" என்றார். ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். அவரையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது, பார்ப்போம்.

போன வெள்ளிக்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த ரெண்டு காலையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாதா முன்னால் நின்று, நீயும் ஜெயிக்கவில்லை நானும் ஜெயிக்கவில்லை, இந்தா உன் கால், இனிமேல் என் பிள்ளைக்குக் கால் கேட்டு உன் வாசலுக்கு வரமாட்டேன், அவளுக்கு வேண்டியதை அவள் கையால் அடித்து வாங்கிக்கொள்கிறாள் என்று சொல்லிவிட்டு உண்டியலில் போட்டேன். வலது கால் போய்விட்டது. இடது காலைக் கெண்டைக்கால் பக்கமாக விட்டேன், கெட்டியாக வார்க்கச் சொன்னேன் அல்லவா, கொலுசில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை, உண்டியலுக்குள் ஒரு ஆள் தலைகீழாக விழுந்து கிடக்கிற மாதிரி அஞ்சு விரலும் மேலே பார்த்து நிற்கின்றன. நான் முந்தானையை மேலே போட்டு மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காதமாதிரி செபம் சொல்கிறேன், அதற்குள் கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சவரிமுத்து வந்துவிட்டான், பின்னாலேயே மாதா சபைப் பொம்பளைகள் பத்துப் பேர், அதில் உன் அத்தையும் இருக்கிறாள். சவரிமுத்து சுத்தியல் எடுத்து வந்து விரல்மேல் துணியை வைத்து மெல்லத் தட்டினான். "என்ன பாட்டி, புள்ளைக்கு நேர்த்தி நெறவேறிருச்சா" என்று கேட்டான். "நெறவேறல, தேவைப்படல" என்றேன். உன் அத்தை என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். நாலாவது தட்டில் கால் உள்ளே போய் விழுந்தது, வலது காலின்மேல் விழுந்த சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷமாகச் சேர்ந்தே கிடந்தவை, அங்கேயும் சேர்ந்துவிட்டன. வரும் வழியில் எனக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்லமாட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உன் மதினியிடம் சொன்னேன், அவள் சிரித்துச் சிரித்துச் சட்டியைக் கருகவிட்டாள், அம்மிக்காக அவள்மேல் இருந்த கோபத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம். நீ இருக்கிற அந்த ஊரில் ஏப்ரலிலும் பனி பெய்கிறது என்று ஜெனிஷா போனில் காட்டினாள். உனக்குக் கம்பளிச் சாக்ஸ் அனுப்பலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரன் என்ன சைஸ் என்று கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் கட்டின சேலைக் கரை ஞாபகம் இருக்கிறது, பெற்ற பிள்ளையின் கால் அளவு தெரியவில்லை. உனக்கு நான் ஒரு செருப்புகூட வாங்கிக் கொடுத்ததில்லை அமலி, நடந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆசாரியிடம் பத்து விரலுக்கும் நகம் வைக்கச் சொன்ன நான் உன் காலை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து முனகிக்கொண்டிருந்தேன், உன் அண்ணன் ஏதோ ஒரு வண்டிக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, "வலது காலுக்கு அஞ்சு, எடது காலு ஒரு சைஸ் கம்மி, அதுக்கு நாலு வாங்குங்க, இல்லாட்டி கழண்டுக்கிரும்" என்றான். எட்டு வருஷம் அந்தக் காலைத் தூக்கிச் சுமந்தவன் அவன். நான் திரும்பக் கடைக்குப் போய் அஞ்சில் ரெண்டு ஜோடி, நாலில் ரெண்டு ஜோடி வாங்கி வந்தேன், பிரித்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், ஒன்று பெரிது ஒன்று சின்னது, தப்பு ஜோடி என்று நினைத்துத் தூக்கிப் போடாதே, நாலு ஜோடியும் உனக்குத்தான்.

பார்சல்மேல் ஒட்ட இங்கிலீஷ் அட்ரஸை ஷாநவாஸ்தான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, "ஆத்தா, இதுல யாரு ஒடம்பையும் ஒட்ட வேண்டியதில்லையே" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. திட்டலாம் என்று வாய் வந்தது, பொறுத்துக்கொண்டேன், எனக்கு வேண்டியதுதான்.

ஆகவே மகளே, நீ உன் கோபத்தை விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. கோபத்தை எப்படிக் கெடாமல் வைத்துக்கொள்வது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், அதைக் கொண்டுபோய் உன் அண்ணனிடம் வைத்திருக்கிறாய், அங்கிருந்து எடுத்து என்னிடம் வை. நான் கெட்டி, தாங்குவேன், அவன் தாங்கமாட்டான். உன் போட்டி எதையும் அவன் விடுவதில்லை, என் பக்கம் திரும்பாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் போனில் பார்க்கிறான், நீ முந்துகிற இடத்தில் அவன் தோள் ரெண்டும் தானாக அசைகிறது, அதைப் பார்த்துத்தான் நீ ஜெயித்தாயா தோற்றாயா என்று நான் தெரிந்துகொள்கிறேன். ஜெனிஷாவின் புதுநன்மைக்கும் பிளெக்ஸ் அடிக்க வேண்டும் என்கிறாள் அவள், அதில் அவள் அத்தை உன் படமும் இருக்க வேண்டுமாம். நீ எந்தப் படத்தை அனுப்புகிறாயோ அதைத்தான் போடுவது, அனுப்பாவிட்டால் போடுவதில்லை, நான் இலுப்பூர் பக்கம் போகாமல் இருக்க உன் மதினி என் பஸ் பாஸை வாங்கி வைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் மூன்று படி இருக்கிறதே என்று கேட்காதே, அண்ணன் பலகை அடித்துச் சரிவு போட்டுவிட்டான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அவனுக்குப் பண்ணு. எனக்கு எப்போது பண்ணத் தோன்றுகிறதோ அப்போது பண்ணு, வருஷக்கணக்கானாலும் நான் காத்திருப்பேன், காத்திருப்பதில் எனக்கு நல்ல பழக்கம், மாதாவைக் கேட்டுப் பார்.

ஜூன் போட்டியில் உனக்கு நல்ல நேரம் கிடைத்து ஆசியப் போட்டிக்கு ஜப்பான் போகிற டீமில் உன் பெயர் வரட்டும். வராவிட்டாலும் பலகை அங்கேயே இருக்கும். கைத்தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் போடு, அந்த ஊர்க் களிம்பை நம்பாதே. தேவமாதா உன் ரெண்டு கையையும், உன் ரெண்டு காலையும் ஆசீர்வதிப்பாளாக. குளிர் போகும்வரை சாக்ஸைக் கழற்றாதே, இடது காலுக்குச் சின்னது.

இப்படிக்கு,
பட்டியலில் இப்போது முதல் மணியாக இருக்கும்
உன் அம்மா,
ஆ. ஆரோக்கியம்மாள்.